சேர்வராயன் மலையில் இயற்பியல்

சேலம் மாநகரின் வடபால் நீலத்திரை விரித்தாற்போலத் தோன்றும் மலைத்தொடர் சேர்வராயன் மலையாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இஃது ஆங்கிலேயர் நாவில் ‘ஷெவராய்’ எனத் திரிந்து வழங்கிற்று. இம்மலைமீது, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் ஒருங்கே விளங்குதலின் ‘ஏரிக்காடு’ எனப் பெயர் பெற்று, அதுவே நாளடைவில் ‘ஏற்காடு’ என மருவிற்று என்பர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராக விளங்கிய காக்பர்ன் என்பார் காப்பிச் செடியை இங்குக் கொணர்ந்து பயிரிட்டார். அன்று முதல் காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளும் இம்மலைக்கு அணி செய்து வருகின்றன.

கோடையின் வெம்மை தாங்காது ஏற்காட்டிற்குச் செல்வோர் பலர். அவருள் பெரும்பாலோர் ஏரியில் படகூர்ந்து, கிளியூர் அருவியைக் கண்டு, ஆரஞ்சுப் பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு திரும்புவர். கண்ணையும் செவியையும் திறந்து வைத்துக்கொண்டு மலைப்பாதையில் செல்லும் மாணவனுக்கோ வேறொரு பயனும் அங்கே கிடைக்கும். முன்னாளில் பௌதிகம் என வழங்கியதும், இந்நாளில் இயற்பியல் என வழங்குவதுமாகிய கலையின் அடிப்படை விதிகள் சிலவற்றை அவன் நேரிற் காணலாம். அவ்விதிகள் சமநிலத்தில் இல்லாமற் போகவில்லை. ஆங்கும் நொடிதோறும் தொழிற்படுகின்றன. ஆயினும் ஒரே உயரத்தில் வாழ்பவனுக்கு அவற்றால் யாதொரு மாறுதலும் தோன்றாமையின் அவன் அவற்றை உணர்வதில்லை. நீருள் வாழும் மீன் நீரின் எடையைப் பற்றி எண்ணுமோ? உயரம் மாறும்போதுதான் மறைந்து நின்றவை புலனாகின்றன.

சேலத்திலிருந்து புறப்படும் பேருந்து அடிவாரம் என்னும் இடத்தை அடைந்ததும் மலையேற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். பாதையின் நீளமோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது அப்பாதை. ‘நேரே மேலேறினால் விரைவிற் சேரலாமே, இத்துணை வளைந்து செல்வது எதன் பொருட்டு?’ என வினவும் சிறுவர் உண்டு. அது நல்ல வினாவே. ஏற்றத்தில் பாரவண்டி ஓட்டுபவர் எருதுகளை நேரே செலுத்தாமல், சாலையின் குறுக்கே இப்புறமும் அப்புறமுமாக ஓட்டிச் செல்வதைக் கண்டவர் இதற்கு விடை கூறிவிடுவர்.

ஒரு பொருளை நேரே தூக்க வேண்டுமாயின் அதன் எடை முழுவதையும் தாங்கும் விசை வேண்டும். சாய்ந்த தளத்தின் வழியே அதனைத் தள்ளிச் சென்றாலோ எடையில் ஒரு பங்கே போதும். அப்பங்கு எவ்வளவு என்பதைச் சாய்வே முடிவு செய்யும். 20 கிலோமீட்டர் நீளத்தில் 1,100 மீட்டர் உயரும் பாதையில், உராய்வை நீக்கிப் பார்த்தால், எடையில் ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்கு விசையே பேருந்தை மேலேற்றப் போதியதாகும். ஆனால் அவ்விசையைப் பதினெட்டு மடங்கு தொலைவிற்குச் செலுத்த வேண்டும். விசையில் குறைந்தது தொலைவில் கூடிவிட்டது. விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவதனை இயற்பியலார் ‘வேலை’ என்பர். நேர்வழியாயினும் சுற்றுவழியாயினும் உயரம் ஒன்றே ஆதலின் வேலையும் ஒன்றே. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உச்சிக்கல்லை, நெடுந்தொலைவிலிருந்து சாரம் அமைத்துச் சாய்வாக ஏற்றினர் என வழிவழியாக வழங்கும் செய்தியும் இவ்வுண்மையையே அடியாகக் கொண்டது. திருகாணியும் ஒரு தண்டினைச் சுற்றிச் சுற்றி ஏறும் மலைப்பாதையே அன்றி வேறன்று.

இவ்வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. சேலத்திற்கும் ஏற்காட்டிற்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். 40 கிலோகிராம் எடையுள்ள சிறுவன் ஒருவன் அவ்வுயரம் ஏறுவதற்கு 4,70,000 ஜூல் ஆற்றல் செலவாகும். மூன்று சிறிய இட்டிலிகளிலுள்ள ஆற்றலுக்கு இஃது ஏறத்தாழ நிகர். மூன்று இட்டிலியை உண்டு மலையேறிவிடலாம் என யாரும் புறப்பட்டுவிடுதல் வேண்டா. உண்ட உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே தசைகளின் வேலையாகிறது. எஞ்சியது வெப்பமாகி வியர்வையோடு போய்விடுகிறது. ஆகவே நடந்து ஏறுபவனுக்குப் பத்துப் பன்னிரண்டு இட்டிலிகள் வேண்டும். பேருந்தில் செல்பவனுக்கு அச்செலவை டீசல் எண்ணெய் செய்கிறது. இவ்வாறு செலவான ஆற்றல் முழுவதும் அழிந்துவிடவில்லை. ஒரு பகுதி உயரத்தில் நிற்கும் பொருளில் நிலையாற்றலாகத் தங்கியிருக்கிறது. அது மலையிலிருந்து இறங்கும்போது தன்னை வெளிப்படுத்தும். அதனைப் பின்னர்க் காண்போம்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது உள்ளே இருப்போர் வெளிப்புறமாகச் சாய்கின்றனர். யாரோ தம்மைத் தள்ளியதாக அவர்க்குத் தோன்றும். உண்மையில் தள்ளியவர் எவரும் இலர். இயங்கும் பொருள் நேர்க்கோட்டிலேயே இயங்க முயலும் என்பது நியூட்டன் வகுத்த முதல் விதி. பேருந்து திரும்பிவிட்டது, அமர்ந்திருப்பவரின் உடலோ பழைய திசையிலேயே செல்ல முயல்கிறது. பேருந்தைத் திருப்புவதற்கும் ஒரு விசை வேண்டும். அதனைத் தருவது சக்கரத்திற்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. விரைவு இருமடங்கானால் வேண்டிய விசை நான்கு மடங்காகும் என்பது ஈண்டு அறியத்தக்கது. மழை பெய்து தரை நனைந்த நாளில் உராய்வு குறையுமாதலின், பழகிய ஓட்டுநர் வளைவுகளில் மிக மெல்லச் செல்வர்.

வளைவுகள் சிலவற்றைக் கடந்ததும் பயணிகளின் காது அடைத்துக்கொள்கிறது. எச்சிலை விழுங்கினால் ‘பட்’ என்னும் சிற்றொலியோடு அவ்வடைப்பு நீங்கும். கைப்பையினுள் இருக்கும் பிஸ்கட் பொட்டலம், கடையில் வாங்கியபோது இருந்ததனினும் பருத்து விம்மி நிற்கும். செவியும் பொட்டலமும் ஒரே செய்தியைத்தான் கூறுகின்றன. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதே அச்செய்தி.

காற்றுக்கு எடை உண்டு. இம்மண்ணுலகைப் பல கிலோமீட்டர் உயரத்திற்குச் சூழ்ந்து கிடக்கும் காற்றாகிய கடலின் அடியில் மக்கள் வாழ்கின்றனர். கடற்கரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்கு நிகராக அக்காற்று அழுத்துகிறது. விரித்த உள்ளங்கையின்மீது 100 கிலோகிராம் அளவிற்குப் பளு நிற்கிறது! கை ஏன் நசுங்கவில்லை? காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதன்று. கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் அவ்வாறே அழுத்துகிறது. உடலின் உள்ளிருந்தும் நிகரான எதிரழுத்தம் உண்டு. செவிப்பறையின் இருபுறமும் இந்நிகர்மை இருக்கும்வரை தொல்லை இல்லை. மலையேறும்போது வெளியழுத்தம் விரைவிற் குறைய, உள்ளே அடைபட்ட காற்று பறையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் நுண்குழல் திறந்து, மிகையான காற்றை வெளியேற்றுகிறது. இறுக மூடிய பொட்டலத்திற்கு அத்தகைய குழல் இல்லை. ஆகவே அது விம்முகிறது.

காற்றுக்கு எடை உண்டென்பதை மக்கள் எளிதில் ஒப்பவில்லை. இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டில், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழலில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார். பாதரசம் முழுதும் வடிந்துவிடாமல் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. கிண்ணத்தை அழுத்தும் வெளிக்காற்றே அதனைத் தாங்கி நிற்கிறது என்றார் அவர். மறுத்தோர் பலர். பிரான்சு நாட்டுப் பாஸ்கல் என்னும் இளைஞர் இவ்வழக்கைத் தீர்க்க ஒரு மலையைச் சான்றாக அழைத்தார். பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடையே என்றால், மலையுச்சியில் மேலுள்ள காற்று குறைவாதலின் பாதரசமும் தாழ வேண்டுமன்றோ?

பாஸ்கல் உடல்நலம் குன்றியவர். ஆதலின் தம் தமக்கையின் கணவராகிய பெரியே என்பாரை இவ்வாய்வை நடத்துமாறு வேண்டினார். 1648-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் பெரியே, கிளெர்மோன் நகரத் துறவியர் மடத்தின் தோட்டத்தில் இரண்டு குழல்களில் பாதரசத்தை நிறுத்தி அளந்தார்; இரண்டும் ஒத்திருந்தன. ஒன்றை அங்கேயே விட்டு, அதனை நாள் முழுதும் நோக்கியிருக்குமாறு துறவி ஒருவரிடம் ஒப்படைத்தார். மற்றொன்றை எடுத்துக்கொண்டு சான்றோர் சிலருடன் பூய் தெ தோம் என்னும் மலைமீது ஏறினார். அம்மலையின் உயரம் 1,465 மீட்டர். நம் ஏற்காட்டின் உயரத்திற்கு மிக அணித்தானது. உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாகத் தாழ்ந்து நின்றது. பெரியே வியந்தார், ஒருமுறை கண்டதை நம்பிவிடவில்லை. கூரையின் கீழும் வெட்டவெளியிலும் இடம் மாற்றி மாற்றிப் பலமுறை அளந்தார். அளவு மாறவில்லை. இறங்கி வந்து கேட்டபோது, மடத்துத் தோட்டத்தில் நின்ற குழல் நாள் முழுதும் அசையவில்லை எனத் துறவி கூறினார்.

தோட்டத்தில் விடப்பட்ட அந்த இரண்டாவது குழலே இவ்வாய்வின் உயிர் எனலாம். அஃது இல்லையாயின், ‘அன்று வானிலை மாறியதால் பாதரசம் தாழ்ந்தது’ என எதிர்ப்போர் எளிதில் கூறியிருப்பர். நாள்தோறும் வானிலை அறிக்கையில் காற்றழுத்தத்தைக் குறிக்கும் ‘ஹெக்டோபாஸ்கல்’ என்னும் அளவையில் அவ்விளைஞரின் பெயர் இன்றும் ஒலிக்கிறது.

பெரியே செய்ததை ஏற்காட்டிற்குச் செல்லும் எம்மாணவனும் பாதரசம் இன்றியே செய்து பார்க்கலாம். நீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் புட்டிகள் இரண்டினை வெறுமையாக்கி உலர்த்திக்கொள்ள வேண்டும். ஏற்காட்டில் ஒன்றின் மூடியை இறுகத் திருக வேண்டும். மற்றொன்றைத் திறந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்துச் சேலத்திற்குக் கொண்டுவந்தால், திறந்தது முன்போலவே இருக்க, மூடியது மட்டும் யாரோ பிடித்து அமுக்கினாற்போல ஒடுங்கிக் கிடக்கும். ஏற்காட்டின் காற்றழுத்தம் சேலத்தினதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டாரிசெல்லியின் குழலைச் சேலத்தில் நிறுத்தினால் ஏறத்தாழ 73 சென்டிமீட்டரும், ஏற்காட்டில் நிறுத்தினால் 63 சென்டிமீட்டரும் காட்டும். திறந்த புட்டி எதற்காக என்பதைத் துறவியின் கதையைப் படித்தவர்க்குக் கூற வேண்டுவதில்லை.

அழுத்தம் குறைவதன் விளைவு அடுப்பங்கரையிலும் உண்டு. நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் எனப் பாடநூல்கள் கூறுவது கடல் மட்டத்திற்கே பொருந்தும். நீர் கொதித்தலாவது, அதனுள் தோன்றும் ஆவிக்குமிழிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தை வென்று விரிந்து மேலெழுதல். எதிர்க்கும் அழுத்தம் குறைந்தால் குமிழிகள் குறைந்த வெப்பநிலையிலேயே வென்றுவிடும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி தாழ்கிறது. ஆகவே ஏற்காட்டில் நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் நீரை எவ்வளவு எரித்தாலும் அதன் வெப்பநிலை அதற்குமேல் ஏறாது. ஆவியாகும் விரைவே மிகும். எனவே துவரம்பருப்பு திறந்த பானையில் வேக மலைமேல் நேரம் மிகுதியாகிறது. விறகை அள்ளித் திணிப்பதால் பயனில்லை. நீராவியை அடைத்து வைத்து அழுத்தத்தை உயர்த்தினால் கொதிநிலையும் உயரும். பிரான்சு நாட்டில் பிறந்த தெனிசு பாப்பேன் 1679-இல் அமைத்த கலத்தின் வழிவந்ததே இன்று இல்லந்தோறும் கூவும் பிரஷர் குக்கர். சமநிலத்தில் அதனுள் நீர் 120 டிகிரியை ஒட்டி நிற்கும். மலைவாழ் மக்களுக்கு அது சமநிலத்தாரினும் மிகுதியாக உதவுகிறது. ஒன்று கூறாமல் விடுதற்கில்லை: காப்பித்தூளில் ஊற்றும் நீர் 92 முதல் 96 டிகிரி வரை இருத்தலே சுவைக்கு ஏற்றது என்பர் அதில் வல்லோர். பருப்பிற்குக் குறையாகிய வெப்பநிலை, அம்மலையிலேயே விளையும் காப்பிக்கு நிறையாகிவிடுகிறது.

காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். செக்கச்சிவந்த பழங்களைக் கொணர்ந்து நீர்த்தொட்டியில் கொட்டுவர். முற்றிய நல்ல பழங்கள் அமிழ்ந்துவிடும். வண்டு துளைத்தனவும், உள்ளீடு அற்றனவும், உலர்ந்து சருகானவும் மிதக்கும். மிதந்தவற்றை அரித்து வேறாக்குவர். ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்த்து நல்லது தீயது தெரிய வேண்டுமாயின் எத்தனை நாள் செல்லும்! நீர் அவ்வேலையை நொடியில் முடித்துவிடுகிறது. உழவர் விதைநெல்லை உப்புநீரில் இட்டுப் பதரை மிதக்கவிட்டு நீக்குவதும் இம்முறையே. ஒரு பொருள் நீரில் அமிழ்ந்தால், அது விலக்கிய நீரின் எடைக்கு நிகரான விசையால் நீர் அதனை மேல்நோக்கித் தள்ளும் என்றார் ஆர்க்கிமிடீசு. பொருளின் எடை அதனினும் மிக்கதாயின் பொருள் மூழ்கும்; குறைந்ததாயின் மிதக்கும். தண்ணீரோடு உப்பைச் சேர்த்தால் அதன் அடர்த்தி மிகும். ஆதலின் தண்ணீரில் மூழ்கும் அரைகுறை நெல்லும் உப்புநீரில் மிதந்துவிடும்.

இவ்விதி நீருக்கு மட்டும் உரியதன்று; காற்றுக்கும் உரியது. வெயிலால் நிலம் காய்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று சூடேறி விரிந்து அடர்த்தி குறைகிறது. குளிர்ந்த காற்றினிடையே அஃது உள்ளீடற்ற காப்பிப் பழம்போல மேலே மிதந்து செல்கிறது. ‘மலையுச்சி கதிரவனுக்கு அணித்தாயிற்றே, அங்கு வெப்பமன்றோ மிக வேண்டும்?’ என்னும் ஐயத்திற்கும் இங்கே விடை கிடைக்கிறது. கதிரவன் நிலவுலகிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏற்காட்டிற்கு ஏறுபவன் அத்தொலைவில் 10 கோடியில் ஒரு பங்கையே குறைத்தவனாகிறான். அதனால் வெப்பம் மிகுமோ? காற்றைப் பெரிதும் காய்ச்சுவது நேரே வரும் கதிர் அன்று. கதிரால் காய்ந்த தரையே. மேலெழும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்தை அடைந்ததும் விரிகிறது. விரியும் காற்று சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம் செய்துகொள்ள வேண்டும். அதுவும் ஒரு வேலைதான், அதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே காற்று செலவிடுகிறது, ஆகவே குளிர்கிறது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதையும், நிறைந்த சக்கரத்தின் காற்றைத் திறந்துவிட்டால் அது குளிர்ந்து வருவதையும் அறியாத சிறுவர் இலர். அமுக்கினால் சூடு, விரிந்தால் குளிர். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6 அல்லது 7 டிகிரி வெப்பம் குறையும். சேலத்தினும் ஏற்காடு 8 டிகிரி அளவு குளிர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

காற்றோடு கலந்து மேலேறும் நீராவி அக்குளிரில் நுண்துளிகளாக உறைந்து திரள்கிறது. சேலத்திலிருந்து நோக்குபவன் ‘மலைமுகட்டில் முகில் தவழ்கிறது’ என்பான். அம்முகிலின் உள்ளே நிற்பவனோ ‘மூடுபனியாக இருக்கிறது’ என்பான். பொருள் ஒன்றே, நிற்கும் இடத்தால் பெயர் இரண்டாயிற்று. குளிர்நீர் நிறைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனாலேயே. செம்பு ஓட்டையாக இருக்கிறது என நினைத்து அடியைத் திருப்பிப் பார்க்கும் குழந்தையின் ஆராய்ச்சி மனத்தையும் பழித்தல் கூடாது.

சேலத்திலிருந்து நீலமாகத் தோன்றிய மலை, நெருங்கிச் சென்றதும் பச்சையாகிவிடுகிறது. அந்நீலம் எங்கே போயிற்று? அது மலையில் இருந்ததே இல்லை; இடையிலிருந்த காற்றுக்கே உரியது. கதிரவன் ஒளியிலுள்ள நிறங்களுள் அலைநீளம் குறைந்த நீலத்தைக் காற்றின் மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. பார்ப்பவனுக்கும் மலைக்கும் இடையே பல கிலோமீட்டர் தடிப்புள்ள காற்று நிற்றலின், அது சிதறிய நீலவொளி மலையின்மீது மெல்லிய போர்வைபோல் விழுகிறது. வானம் நீலமாவதும் இவ்வாறே. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த ச. வே. இராமன் 1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும் வழியில், நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். ‘இது வானத்தின் நிழலே’ எனப் பலரும் கூறியது அவர் மனத்திற்கு ஒப்பவில்லை. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறுகின்றன என ஆய்ந்து நிறுவினார். அவ்வழியே தொடர்ந்து சென்ற ஆராய்ச்சி 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ‘இராமன் விளைவு’ என்னும் புதுமையாக மலர்ந்து, 1930-இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது. அதே கப்பலில் அதே கடலை அன்று கண்டவர் எத்தனையோ பேர்!

இனி மலையிலிருந்து இறங்குதல். ஏறுவதைவிட இறங்குவது எளிது என நினைத்தல் இயல்பு. மலைப்பாதை ஓட்டுநர் அதற்கு உடன்படார். 12 டன் எடையுள்ள பேருந்து 1,100 மீட்டர் உயரம் ஏறுங்கால், ஏறத்தாழ 13 கோடி ஜூல் ஆற்றலை நிலையாற்றலாகத் தன்னிடம் சேமித்துக்கொள்கிறது. இறங்கும்போது அது முழுவதும் வெளிப்பட்டே தீரும். தடுப்பார் இல்லையாயின் அஃது இயக்க ஆற்றலாகிப் பேருந்தின் விரைவைக் கணந்தோறும் பெருக்கிக்கொண்டே போகும். பிரேக்கை மிதித்தால், சக்கரத்தோடு சுழலும் உருளையின்மீது தகடுகள் உராய்ந்து அவ்வியக்கத்தை வெப்பமாக மாற்றுகின்றன. குளிர் காலையில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றுவது போன்றதே இது. ஆனால் இங்கே வெப்பத்தின் அளவு மிகப் பெரிது. 13 கோடி ஜூல் வெப்பம் 400 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதியது. இருபது குடம் நீரைக் காய்ச்சும் வெப்பத்தைச் சில பிரேக்குகள் சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாங்க வேண்டுமென்றால் என்னாகும்? ஒரு பகுதியைக் காற்றின் தடையும் சக்கரங்களின் உருளலும் கவர்ந்துகொள்ளும் என்பது உண்மையே. எனினும் எஞ்சியது சிறிதன்று. மிகச் சூடேறிய பிரேக்குகள் பிடிப்பை இழக்கின்றன. ஓட்டுநர் முழு வலிமையோடு மிதித்தும் வண்டி நில்லாது ஓடும். கருகிய நாற்றமே அதன் முன்னறிவிப்பு. மலைப்பாதைகளில் நேர்ந்த கொடிய விபத்துகள் பலவற்றிற்கு இதுவே காரணம்.

ஆதலின், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநரிடையே வழங்கும் விதி. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்களே இஞ்சினைச் சுழற்றியாக வேண்டும். இஞ்சினின் உள்ளே காற்றை அமுக்குவதிலும் உராய்விலும் ஆற்றலின் பெரும்பகுதி கழிந்துவிடுதலின், பிரேக்குகள் ஓய்வு பெற்று ஆறுகின்றன. எண்ணெயை மிச்சப்படுத்தக் கருதி இஞ்சினை நிறுத்திவிட்டு, கியரை விலக்கிச் சரிவில் உருளவிடுவோரும் உளர். இதனினும் பேதைமை பிறிதில்லை. வண்டியை அடக்கிப் பிடித்த துணை அப்போதே நீங்கிவிடுகிறது; பல வண்டிகளில் பிரேக்கிற்கும் திருப்பும் சக்கரத்திற்கும் இஞ்சின் தரும் உதவியும் நின்றுபோகிறது. எதிரெதிரே இரு வண்டிகள் குறுகிய இடத்தில் சந்தித்தால், மேலேறும் வண்டிக்கே கீழிறங்கும் வண்டி வழிவிட வேண்டும் எனச் சாலைவிதி கூறுவதும் பொருளுடையது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி மீண்டும் புறப்படுவது கடினம். பின்னோக்கி உருளும் அச்சமும் உண்டு.

பிரேக்குகள் தந்த வெப்பம் காற்றில் கலந்து வீணாகிறது. அதனை மீட்டுக்கொள்ள வழியில்லையா? இக்காலத்து மின்வண்டிகள் அதனை ஓரளவு செய்கின்றன. 1831-இல் பாரடே கண்டறிந்த விதிப்படி, காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்னோட்டம் தோன்றும். மின்வண்டி சரிவில் இறங்கும்போது சக்கரங்கள் அதன் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்கலத்திற்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதற்காகச் செலவிடும் விசையே வண்டியின் விரைவையும் அடக்குகிறது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வந்து சேரும் மின்வண்டியின் மின்கலத்தில், புறப்பட்டபோது இருந்ததைவிட மிகுதியான மின்சாரம் இருத்தல் கூடும். ஆனால் மலைமேலேயே மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்குபவனுக்கு இவ்வுதவி கிட்டாது. நிறைகுடத்தில் மேலும் நீரை ஊற்ற இயலாது. மின்கலத்தில் சிறிது இடம் ஒழியும்வரை, மற்ற வண்டிகளைப் போல அவனும் பழைய உராய்வுப் பிரேக்கையே நம்பி, வளைவுதோறும் மெல்ல மெல்ல இறங்க வேண்டும்.